சேலை ரேக் ஞாபகம் இருக்கு, 1919 சட்டம் மட்டும் எங்க போகுது?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 29 வயசு, ஊரு ஆற்காடு. வேலூர்ல ஒரு ஜவுளிக்கடைல சேலை செக்‌ஷன்ல வேலை பார்க்கறேன். பையன் ரெண்டாவது படிக்கறான். மூணு வருஷமா குரூப் 4-க்கு படிச்சிட்டு இருக்கேன். காலைல நாலு மணிக்கு எழுந்து படிப்பேன். ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் வரலாறு, குடிமையியல் எல்லாம் அஞ்சு தடவை முடிச்சாச்சு, புக்கு முழுக்க மஞ்சள் கலர் ஹைலைட்டர்தான். எழுதிப் படிச்சாதான் நிக்கும்னு எங்கப்பா சொன்னாருன்னு புக்கைப் பார்த்துப் பார்த்து எழுதி ஆறு லாங் சைஸ் நோட்டு தீர்ந்துபோச்சு. படிக்கறப்போ எல்லாமே தெரிஞ்ச மாதிரி இருக்கு, ஹால்ல உட்கார்ந்தா நாலு ஆப்ஷனும் சரின்னு தோணுது. ஆனா கடைல எந்த சேலை எந்த ரேக்குல இருக்கு, என்ன விலைன்னு கண்ணை மூடிட்டு சொல்லுவேன். இந்த மூளைக்கு படிப்பு மட்டும்தான் ஏறாதா? நோட்டுக்கு பதிலா போன்ல டைப் பண்ணி நோட்ஸ் எடுக்கலாமா? பேர் போட வேண்டாம் மேடம்.

பதில்:

வணக்கம்மா. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உங்க மூளைல எந்தக் கோளாறும் இல்ல. இருபது வருஷத்துக்கு மேல படிக்கற பசங்களுக்கும் போட்டித்தேர்வு எழுதறவங்களுக்கும் கவுன்சிலிங் பண்ணிட்டு இருக்கேன், உங்க லெட்டர்ல இருக்கற மாதிரி கேள்வியும் அதுக்கான விடையும் ஒரே பேப்பர்ல வந்து நான் பார்த்ததில்ல. அந்த சேலை ரேக் விஷயத்தை நீங்க குறையா எழுதியிருக்கீங்க, எனக்கு அதுதான் மெயின் மேட்டரே.

யோசிச்சுப் பாருங்க. வேலைக்கு சேர்ந்தப்போ கடைல யாராவது உங்க கைல ஒரு லிஸ்ட் குடுத்து, ரேக் ஒண்ணுல சுங்குடி, ரேக் ரெண்டுல காட்டன்னு அஞ்சு தடவை படிச்சிட்டு வாம்மான்னு சொன்னாங்களா? இருக்காது. முதல் நாளே யாரோ ஒரு கஸ்டமர் வந்து ரெண்டாயிரத்துக்குள்ள மாம்பழ கலர்ல காட்டன் சில்க் இருக்கான்னு கேட்டிருப்பாங்க, நீங்க திருதிருன்னு முழிச்சிட்டு ஏதோ ஒரு ரேக்கை இழுத்திருப்பீங்க, அது தப்பா இருந்திருக்கும், பக்கத்துல இருந்த சீனியர் அக்கா அங்க இல்லடி, மேல் தட்டுல பாருன்னு சொல்லியிருப்பாங்க. இப்படி ஒரு நாளைக்கு எத்தனை தடவை! முதல்ல கேள்வி வருது, அப்புறம் மண்டையைக் குடைஞ்சு தேடறீங்க, சரியா தப்பான்னு அந்த நிமிஷமே தெரிஞ்சுடுது, நாளைக்கு திரும்ப வேற ஒருத்தர் அதையே கேட்கறாங்க. ஞாபகம் நிக்கறதுக்கு இதைவிட நல்ல வழி இன்னைக்கு வரைக்கும் எந்த லேப்லயும் கண்டுபிடிக்கலைம்மா.

புக்கு படிக்கறப்போ என்ன நடக்குது? கேள்வியே இல்ல. விடை கண்ணு முன்னாடி விரிஞ்சு கிடக்கு, தேட வேண்டிய வேலையே மூளைக்கு வரல.

அஞ்சாவது தடவை படிக்கறப்போ எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்குன்னு எழுதியிருக்கீங்கல்ல, அந்த "தெரிஞ்ச மாதிரி"தான் ஆளைக் கவுத்துடும். டெய்லி காலைல நீங்க ஏறற பஸ்ஸோட கண்டக்டர் மூஞ்சி எங்க பார்த்தாலும் உங்களுக்குத் தெரியும், ஆனா அவர் பேர் என்ன, எந்த ஊருன்னு கேட்டா? பார்த்தா அடையாளம் தெரியறது வேற, பார்க்காமலே எடுத்து சொல்றது வேற. அஞ்சு தடவை படிச்சதுல உங்களுக்கு கிடைச்சது முதல் வகைதான். குரூப் 4 பேப்பர்ல 200 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் நாலு ஆப்ஷன், இந்தியாவை ஆளறதுக்கு பிரிட்டிஷ்காரங்க போட்ட சட்டங்களோட வருஷத்தைக் கேட்டா, கேள்வி எடுக்கறவங்க வேணும்னேதான் 1909, 1919, 1935, 1947-ன்னு வரிசையா வெப்பாங்க. நாலுமே உங்களுக்குப் பழகின மூஞ்சி. மூஞ்சியைப் பார்த்து மட்டும் ஆளை எடுக்கறவங்களுக்கு நாலும் சரியாத்தானே தோணும்?

இதை நான் சும்மா சொல்லல. அமெரிக்காவுல ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு பேர் 2006-ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. காலேஜ் பசங்களுக்கு சின்னச் சின்ன பாடம் குடுத்தாங்க, சூரியனைப் பத்தி ஒண்ணு, கடல் நீர்நாயைப் பத்தி ஒண்ணு. ஒரு குரூப் நாலு சுத்துலயும் திரும்பத் திரும்ப படிச்சிட்டே இருந்தாங்க, சராசரியா 14 தடவை படிச்சிருக்காங்க. இன்னொரு குரூப்புக்கு முதல் சுத்து மட்டும்தான் படிப்பு, அதுல மூணு தடவை சொச்சம்தான் படிக்க முடிஞ்சுது. அப்புறம் மூணு சுத்தும் பாடத்தைப் பார்க்காம வெறும் பேப்பர்ல ஞாபகம் இருக்கறதை எழுதணும், அவ்வளவுதான். அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சா 14 தடவை படிச்சவங்கதான் ஃபர்ஸ்ட், 83 சதவீதம், இவங்க 71. ஒரு வாரம் கழிச்சு வெச்சப்போ அப்படியே தலைகீழ், படிச்சிட்டே இருந்தவங்க 40-க்கு இறங்கிட்டாங்க, பார்க்காம எழுதினவங்க 61. இதுல எனக்கு பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. ஒரு வாரம் கழிச்சு எவ்வளவு ஞாபகம் இருக்கும்னு முன்னாடியே கேட்டப்போ, எனக்கு நல்லா நிக்கும்னு ரொம்ப தைரியமா சொன்னது யாருன்னு நினைக்கறீங்க? அந்த 14 தடவை கும்பல்தான். ஸோ ஏமாந்தது நீங்க மட்டும் இல்ல.

சரி, அஞ்சு தடவை கண்ணால பார்த்தது எங்கதான் போகுதுன்னு கேப்பீங்க. படிக்கறப்போ கண்ணு வரி மேல வழுக்கிட்டுப் போறதில்லைம்மா, குதிச்சுக் குதிச்சுத்தான் போகும், ஒரு இடத்துல கால் செகண்டு கிட்ட நிக்கும், அடுத்த இடத்துக்குத் தாவும். அந்த கால் செகண்டுல மூளை பண்ற வேலையை நினைச்சா எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம்தான். "கொ"ன்னு ஒரு எழுத்தை எடுத்துக்கோங்க, இடது பக்கம் கொம்பு, வலது பக்கம் கால், நடுவுல க, ஆனா சத்தம் வர்றப்போ க் முதல்ல, ஒ பின்னாடி. ரெண்டாவது படிக்கற உங்க பையன் இதுக்கு திணறியிருப்பான், எழுத்துக் கூட்டிப் படிக்கறப்போ அவன் மூளையோட முழு சக்தியும் அதுக்கே போயிடும். உங்களுக்கு அது தானா நடக்குது. இது வரம்தான், ஆனா வரத்துலயே ஒரு வினையும் இருக்கு. எழுத்தைப் படிக்க மனசே தேவைப்படாத அளவுக்கு பழகிட்டதால கண்ணு மட்டும் பக்கத்தைத் தாண்டிப் போயிட்டே இருக்கும், மனசு அடுப்புல இருக்கற பால், பையனோட டிபன் பாக்ஸ், இந்த மாசத்து சீட்டுப் பணம்னு எங்கயோ சுத்திட்டு இருக்கும். வாய்விட்டு ஒரு பக்கம் முழுக்க படிச்சிட்டு என்ன படிச்சோம்னே தெரியாம முழிக்கறது இதனாலதான். காலைல நாலு மணிக்கு தூக்கக் கலக்கத்துல இது இன்னும் ஜாஸ்தி.

பார்த்து எழுதறதும் இதே கதைதான். ஒரே நேரத்துல மனசுல நாம பிடிச்சு வெச்சுக்க முடியறது ரொம்ப கொஞ்சம், நாலு துண்டு, அவ்வளவுதான். நீங்க புக்கைப் பார்த்து எழுதறப்போ "மாகாணங்களில் இரட்டை ஆட்சி"ன்னு மூணு வார்த்தையைக் கண்ணு எடுக்குது, ரெண்டு செகண்டு கைல வெச்சிருக்குது, நோட்டுல இறக்கிட்டு அடுத்த மூணு வார்த்தைக்கு ஓடுது. வாட்டர் கேன் போடற தம்பி மாதிரிதான், இந்த வீட்டுக் கேனை அந்தப் படிக்கட்டுல வெச்சிட்டு அடுத்ததுக்குப் போறான், அதுல ஒரு சொட்டு அவன் குடிச்சிருப்பானா? ஆறு லாங் சைஸ் நோட்டு எழுதின கை உண்மையிலேயே வலிச்சிருக்கும், அந்த உழைப்பை நான் குறைச்சு சொல்லல. ஆனா உழைச்சது கை.

அதுக்காக அப்பா சொன்னது தப்புன்னு அவர்கிட்ட போய் சண்டை போட்டுடாதீங்க. அவர் சொன்ன வார்த்தை சரிதான், அதை நாம இம்போசிஷனா மாத்திக்கிட்டோம். பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்துல பசங்க மணல்ல விரலால எழுதுவாங்க, எழுதினதை உடனே கலைச்சிடுவாங்க. 1790-கள்ல எழும்பூர்ல ஒரு அநாதை விடுதிப் பள்ளியை நடத்தின ஆண்ட்ரூ பெல்ங்கற ஸ்காட்லாந்துக்காரர் இப்படி மணல்ல எழுதற பசங்களைப் பார்த்துட்டு அதைத் தன்னோட பள்ளிக்கூடத்துக்கும் கொண்டு வந்தாரு, கூடவே கொஞ்சம் தெரிஞ்ச பையன் தெரியாத பையனுக்கு சொல்லிக் குடுக்கற முறையையும் வெச்சாரு, 1797-ல லண்டன்ல அதைப் பத்தி எழுதி வெளியிட, அங்க அது "மெட்ராஸ் சிஸ்டம்"னு பேர் வாங்கிடுச்சு. பார்த்து எழுதறதுக்கு மணல்ல ஒண்ணும் மிச்சம் இருக்காது பாருங்க. அடுத்த தடவை எழுதணும்னா மண்டையில இருந்துதான் எடுக்கணும். (திண்ணைப் பள்ளியைப் பத்தி ஓவரா புகழ்ந்துட்டு இருக்க வேண்டாம், அங்க அடியும் உதையும் தாராளமா இருந்துச்சு.)

எழுத்தும் படிப்பும் மூளைல ஒரே வேலைன்னு நாம நினைக்கறோம், அதுவே இல்ல. 1892-ல பாரிஸ்ல டெஜரீன்னு ஒரு நரம்பு டாக்டர் ஒரு பேஷன்ட்டைப் பத்தி எழுதினாரு. அந்த மனுஷனுக்கு மூளைல ஒரு அடைப்பு வந்து படிக்கற சக்தி போயிடுச்சு, ஆனா எழுத வருது. தானே எழுதின வரியைத் திருப்பிக் குடுத்தா படிக்கத் தெரியல! உள்ள வர்ற பாதை வேற, வெளிய போற பாதை வேறன்னு அப்பவே தெரிஞ்சுடுச்சு. நீங்க மூணு வருஷமா உள்ள வர்ற பாதையை மட்டும் தார் போட்டு அகலப்படுத்திட்டு இருக்கீங்க, பரீட்சை ஹால்ல வண்டி போக வேண்டியது அந்தப் பக்கம்.

இப்போ என்ன பண்றது. உங்க ஊரையே எடுத்துக்கறேன். 1806 வேலூர் புரட்சி பாடத்தை ஒரே ஒரு தடவை நிதானமா படிங்க. ஹைலைட்டரை பையன் டிராயிங் பண்ணட்டும்னு குடுத்துடுங்க. படிச்சு முடிச்சதும் புக்கை மூடி வேற ரூம்ல வெச்சிட்டு வாங்க (பக்கத்துல இருந்தா கை தானா போகும்), ஒரு வெறும் பேப்பர் எடுத்து ஞாபகம் வர்றதை எல்லாம் உங்க பேச்சு பாஷைலயே கிறுக்குங்க. முதல் தடவை நாலு வரி கூட வராது, எரிச்சல் வரும், இதுக்கு முன்னாடி படிச்சதே மேல்னு தோணும். அந்த எரிச்சல் வர்றப்போதான் வேலை நடக்குதுன்னு அர்த்தம். மண்டையைப் போட்டு உடைச்சும் வராத இடத்துல ஒரு கோடு போட்டு விட்டுட்டு, கடைசில புக்கைத் திறந்து அந்த கோட்டை மட்டும் வேற கலர் பேனால நிரப்புங்க. தப்பான ரேக்கை இழுத்தப்போ சீனியர் அக்கா திருத்தினாங்களே, அதேதான் இது.

அப்புறம் "ஏன்"னு கேளுங்க, இது ரொம்ப முக்கியம். சிப்பாய்ங்க ஏன் கொதிச்சாங்க? புதுத் தலைப்பாகை, அதுல தோல் குஞ்சம், நெத்தில மதக்குறி போடக்கூடாது, தாடி எடுக்கணும்னு ஆர்டர். ஏன் வேலூர்ல? கோட்டைக்குள்ளதான் திப்பு சுல்தானோட பசங்களை வெச்சிருந்தாங்க. ஜூலை 10 அதிகாலைல ஆரம்பிச்ச புரட்சி ஏன் ஒரே நாள்ல அடங்கிச்சு? ஆற்காட்டுல குதிரைப்படை இருந்துச்சு, சேதி வந்ததும் கில்லெஸ்பிங்கற பிரிட்டிஷ் தளபதி அங்கிருந்து கிளம்பி வந்துட்டாரு. அந்த ஆற்காடு வேலூர் ரோட்டுலதான்மா நீங்க டெய்லி பஸ்ல வர்றீங்க, கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர்! இதை ஒரு தடவை மனசுல ஓட்டிட்டீங்கன்னா கில்லெஸ்பி எந்த ஊர்ல இருந்து வந்தாருங்கற கேள்வி உங்களுக்கு ஜென்மத்துக்கும் தப்பாது. அதோட நிறுத்தாதீங்க, அப்போ மெட்ராஸ் கவர்னர் யாரு? வில்லியம் பெண்டிங்க். இந்தக் கலவரத்தாலதான் அவரை லண்டனுக்குத் திருப்பிக் கூப்பிட்டாங்க. அதே பெண்டிங்க் அப்புறம் கவர்னர் ஜெனரலா திரும்பி வந்து 1829-ல சதியை, அதாவது உடன்கட்டை ஏறறதைத் தடை பண்ணாரு. எட்டாவது புக்குல ஒரு பாடத்துல இருக்கறவரும் வேற பாடத்துல இருக்கறவரும் ஒரே ஆளுன்னு தெரியறப்போ ரெண்டும் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கும். தனித்தனியா கிடந்தா ரெண்டும் உதிர்ந்துடும். மனசு ஒரு விஷயத்தைத் தனியா வெச்சுக்காது, ஏற்கனவே உள்ள இருக்கற ஏதாவது ஒண்ணோட முடிச்சு போட்டாதான் தங்கும். உங்ககிட்ட அந்த ரோடு இருக்கு, கோட்டை இருக்கு, அகழி இருக்கு. முடிச்சு போடற வேலை மட்டும் பாக்கி.

அந்த 1909, 1919, 1935-ஐ தனித்தனி நாள்ல படிக்காதீங்க. மூணையும் ஒரே பேப்பர்ல மூணு பத்தியா கோடு போட்டு, புக்கைப் பார்க்காம, எதுல முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி வந்துச்சு, எதுல மாகாணத்துல இரட்டை ஆட்சி (துறைகளைக் கவர்னர் பக்கம் கொஞ்சம், இந்திய மந்திரிங்க பக்கம் கொஞ்சம்னு பிரிக்கறது) வந்துச்சு, எதுல அதை மாகாணத்துல இருந்து எடுத்தாங்கன்னு எழுதுங்க. ஒரே மாதிரி இருக்கற ரெண்டு சேலையைப் பக்கத்துல பக்கத்துல விரிச்சாதானே பார்டர் வித்தியாசம் தெரியும், அந்த மாதிரிதான்.

போன்ல டைப் பண்ணலாமான்னு கேட்டீங்க. 2014-ல முல்லர், ஒப்பன்ஹைமர்னு ரெண்டு பேர் பண்ண ஆராய்ச்சி ரொம்ப பேமஸ். லேப்டாப்புல நோட்ஸ் எடுத்த பசங்க கிளாஸ்ல சொன்னதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை அடிச்சிருந்தாங்க, கைல எழுதினவங்க வேகம் பத்தாததால சுருக்கி சொந்தமா எழுதியிருந்தாங்க, புரிஞ்சு பதில் சொல்ற கேள்வில கைல எழுதினவங்கதான் நல்லா பண்ணாங்க. பின்னாடி மத்தவங்க அதையே திரும்ப செஞ்சு பார்த்தப்போ வித்தியாசம் அவ்வளவு தெளிவா வரல, அதனால பேனாவுல ஏதோ மந்திரம் இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். எழுத்தே இப்போதான் கத்துக்கற உங்க பையன் கதை வேற, அவன் கண்டிப்பா கைல எழுதணும், எழுத்தோட வடிவம் கை வழியாவும்தான் உள்ள போகும். உங்களுக்கு பேனாவா போனாங்கறது ரெண்டாவது கேள்வி, பார்த்தா பார்க்காமலாங்கறதுதான் முதல் கேள்வி. ஆனா போன்ல நோட்ஸ் ஆப்பைத் திறந்தா பத்தாவது நிமிஷம் எங்க இருப்பீங்கன்னு எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும், அதனால பேப்பரே இருக்கட்டும்.

எப்போ படிக்கறதுங்கறதும் பேசணும். ஜெர்மனில எபிங்ஹாஸ்னு ஒருத்தர் அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் பண்ணி, தன்னையே சோதிச்சுப் பார்த்து 1885-ல எழுதினாரு. திரும்பக் கத்துக்கறப்போ எவ்வளவு உழைப்பு மிச்சமாகுதுங்கறதுதான் அவரோட அளவுகோல். 20 நிமிஷத்துல 58 சதவீதம், ஒரு நாள்ல 34, ஆனா ஒரு மாசம் கழிச்சும் 21 இருக்கு. முதல் நாள்லதான் மளமளன்னு சரியுது, அப்புறம் மெதுவாத்தான் இறங்குது. அதனால முதல் தடவை எடுத்துப் பார்க்கறது அன்னைக்கோ மறுநாளோ இருக்கணும், அடுத்தது மூணு நாள் கழிச்சு, அப்புறம் ஒரு வாரம், அப்புறம் மாசம். ஒரே ஞாயித்துக்கிழமைல அஞ்சு மணி நேரம் உட்கார்றதைவிட அதே அஞ்சு மணி நேரத்தைப் பிரிச்சுப் போட்டா நல்லா நிக்கும். உங்களுக்கு டைம் எங்கன்னா, பஸ்தான். காலைல ஏறினதும் நேத்து படிச்சதை ஆற்காடு தாண்டறதுக்குள்ள மனசுல ஓட்டுங்க, புக்கே வேண்டாம். சின்னச் சின்ன அட்டைல ஒரு பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை எழுதி (கடைல சேலைக்குள்ள வெக்கற அட்டை வீணாத்தானே போகுது, கேட்டு வாங்கிக்கோங்க), கைப்பைல ஒரு கட்டு போட்டு வெச்சுக்கோங்க. விடை வராத அட்டை நாளைக்கே வரணும், டக்குனு வர்றது அடுத்த வாரம் வந்தா போதும்.

ராத்திரி எத்தனை மணிக்கு படுக்கறீங்கன்னு நீங்க எழுதல. கடை சாத்தி, பஸ் பிடிச்சு, சமைச்சு, பையனைத் தூங்க வெச்சு பதினொண்ணு ஆகும்னு நானே கணக்குப் போட்டுக்கறேன். அப்போ நாலு மணி எழுந்திரிக்கறது வேண்டாம்மா, அஞ்சரைக்கு எழுந்திருங்க. படிச்சது உள்ள உறையறதுக்கு தூக்கம் ரொம்ப உதவும், 1924-லயே ஜென்கின்ஸ், டாலன்பாக்னு ரெண்டு பேர் காட்டிட்டாங்க, படிச்சிட்டு தூங்கினா படிச்சிட்டு முழிச்சிட்டு இருக்கறதைவிட மறதி கம்மி. அரை மணி நேரம் பார்க்காம எழுதறது ரெண்டு மணி நேரம் கலக்கத்துல படிக்கறதை அடிச்சுத் தூக்கிடும், என் பேச்சை நம்புங்க.

ஹால்ல உட்கார்ந்தா நாலும் சரின்னு தோணறதுல கொஞ்சம் பயமும் கலந்திருக்கு, மூணாவது வருஷம், வீட்டுல என்ன சொல்வாங்க, கடைல லீவு போட்டுட்டு வந்திருக்கோம்னு. பயம் மனசுல இருக்கற அந்த நாலு இடத்துல கொஞ்சத்தை எடுத்துக்கும், மிச்சத்தை வெச்சுதான் கேள்வியையே படிக்கணும். இதுக்கும் எழுத்துதான் மருந்து. ராமிரெஸ், பைலாக்னு ரெண்டு பேர் 2011-ல காட்டினது இது, பரீட்சைக்கு முன்னாடி பத்து நிமிஷம் அந்தப் பரீட்சையைப் பத்தின பயத்தை மனசுல இருக்கறபடி எழுதினவங்க மார்க் கூட எடுத்தாங்க, அதுவும் ரொம்ப பயப்படற டைப்புக்குத்தான் நல்லா வேலை செஞ்சுது. காலைல கிளம்பறதுக்கு முன்னாடி எழுதுங்க, யாரும் படிக்கப் போறதில்ல, திட்டணும்னா திட்டியும் எழுதுங்க, கிழிச்சுப் போட்டுட்டு கிளம்புங்க.

பையனை மறந்துட்டேன் பாருங்க. ராத்திரி கதை சொல்லுன்னு கேப்பான்ல, வேலூர் கோட்டைக் கதையை சொல்லுங்க. நடுவுல "அந்தத் தொப்பிக்கு எதுக்கும்மா கோபம் வந்துச்சு"ன்னு கேப்பான், உங்களுக்கு சொல்ல வராது, எங்க புரியலைன்னு அந்த நிமிஷம் தெரிஞ்சுடும். அவனைவிட நல்ல கோச்சிங் சென்டர் ஆற்காட்டுல இல்ல.

அந்த ஆறு நோட்டை எடைக்குப் போட்டுடாதீங்க. அதெல்லாம் இனிமே விடைத்தாள், எழுதிட்டு திருத்தறதுக்கு மட்டும் திறங்க. இப்போ ஒரு வேலை குடுக்கறேன். 1919 சட்டப்படி மாகாணத்துல எந்தெந்தத் துறை கவர்னர்கிட்ட இருந்துச்சு, எதெல்லாம் இந்திய மந்திரிங்க கைக்கு வந்துச்சுன்னு எதையும் பார்க்காம ஒரு பேப்பர்ல எழுதி எனக்கு அனுப்புங்க. போலீஸ் யார்கிட்ட, கல்வி யார்கிட்ட, அவங்க ஏன் அப்படிப் பிரிச்சாங்கன்னும் சேர்த்து. பாதி தப்பா இருந்தாலும் அப்படியே அனுப்புங்க, புக்கைப் பார்த்து சரியா எழுதினீங்கன்னா எனக்கு தெரிஞ்சுடும்.